மருத்துவமனைக் கேளிக்கைச் சந்தைக்குப் போய் நிற்பதா, 200 வெள்ளி கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பதா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வீட்டுக்குப் பக்கத்துச் சமூக மருத்துவமனையில் வருடா வருடம் நடக்கும் நிதி திரட்டுச் சந்தைக்குத் தொண்டூழியர்கள் வேண்டும் என்று புளோக் கீழே, மின்தூக்கி பக்கத்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறீர்கள். சிங்கப்பூர் வந்து மூன்று வருடம் ஆகிறது, நிரந்தரவாசம் கிடைத்துவிட்டது, ஆனால் அக்கம்பக்கத்தில் யாரையும் தெரியாது, சீனமோ மலாயோ பேச வராது, முந்நூறு பேருக்குச் சமைக்கத் தெரியாது, அப்படிப்பட்டவருக்கு அங்கே என்ன வேலை கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இது வரைக்கும் சாதாரணக் கேள்வி. ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில், "பேசாமல் 200 வெள்ளி நன்கொடை கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை தூங்கினால் அவர்களுக்கு இதைவிட உபயோகமாக இருக்குமோ?" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது என்று நினைக்கிறேன். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

யார் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழிலில் கணக்காளன். ஒரு சமூக மருத்துவமனையின் சந்தையில் பதினான்கு வருடமாக நிற்கிறேன். முதல் இரண்டு வருடம் சைவ உணவுக் கடை, அப்புறம் கூப்பன் முகப்பு, கடைசி ஆறு வருடம் மாலையில் கூப்பன் எண்ணும் அறை. மருத்துவம் படித்தவன் இல்லை, மருத்துவமனையின் நிதிக்குழுவிலும் இல்லை. ஆகவே திரட்டிய பணம் எந்த வார்டுக்கு எப்படிப் போகிறது என்று என்னிடம் கேட்டால் ஆண்டறிக்கையில் அச்சிட்டிருப்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. நான் பார்த்தது ஒரே மருத்துவமனையை. மற்றவை வேறு மாதிரி நடத்தலாம்.

சரி, 200 வெள்ளி. கணக்காக மட்டும் பார்த்தால், ஆமாம், கொடுத்துவிட்டுத் தூங்குவது மேல். பொதுநல அமைப்பு என்று அரசாங்கம் ஏற்றுக்கொண்ட, அதாவது ஐபிசி தகுதி உள்ள அறநிறுவனத்துக்கு நேரடியாகக் கொடுக்கும் நன்கொடைக்கு இப்போது 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. அதாவது நீங்கள் 200 வெள்ளி கொடுத்தால் உங்கள் வருமானத்தில் 500 வெள்ளிக்கு வரி போடமாட்டார்கள். அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் போதும், உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அதுவாகவே போய்விடும், ரசீதைப் பத்திரப்படுத்தி வைக்கும் வேலைகூட இல்லை. மருத்துவமனைக்கும் அந்த 200இல் கூடாரம், மேசை, எண்ணெய், பிளாஸ்டிக் தட்டு என்று ஒன்றும் கழியாது. நீங்கள் ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று வடை சுட்டால் அவ்வளவு மிஞ்சுமா என்பது சந்தேகம். இதைச் சொன்னால் எங்கள் குழுவில் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் எண்ணிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

அப்படியானால் சந்தை எதற்கு? அதற்கு இந்த மருத்துவமனைகள் என்ன செய்கின்றன என்று தெரிய வேண்டும். ஊரிலிருந்து வந்தவர்கள் பலர் சமூக மருத்துவமனை என்றால் ஏதோ சின்ன ஆஸ்பத்திரி, பாலிகிளினிக் மாதிரி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரிய மருத்துவமனையில் பக்கவாதத்துக்கோ இடுப்பெலும்பு முறிவுக்கோ சிகிச்சை முடிந்து, உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் வீட்டுக்குப் போனால் கழிவறைக்குக்கூட தனியாக நடந்து போக முடியாது என்ற நிலையில் இருப்பவர்கள் வந்து சில வாரம் தங்கி, நடக்கவும் கரண்டி பிடிக்கவும் சட்டை பொத்தான் போடவும் மறுபடி பழகும் இடம் இது. பெரும்பாலும் வயதானவர்கள். ஜூரோங், ஈசூன், செங்காங், ஊட்ரம் சமூக மருத்துவமனைகள் அரசாங்கச் சுகாதாரக் குழுமங்களின் கீழ் இருப்பவை. செயின்ட் லூக், செயின்ட் ஆண்ட்ரூஸ், ரென் சி, அங் மோ கியோவில் இருக்கும் தை ஹுவா குவான் போன்றவை அறநிறுவனங்கள் நடத்துபவை. இவற்றுக்கும் அரசாங்க மானியம் உண்டு, நோயாளிக்கு அவரவர் வருமானத்தைப் பொறுத்துக் கட்டணமும் குறையும். ஆனாலும் கட்டணத்தில் மீதியைக் கட்ட முடியாதவர், புதிய பயிற்சிக் கருவி, வீடு திரும்பியவரைப் போய்ப் பார்க்கும் வண்டி என்று துண்டு விழும் இடங்கள் இருந்துகொண்டே இருக்கும். அதை நன்கொடையில்தான் அடைக்க வேண்டும்.

இந்த ஊரில் பழைய ஆஸ்பத்திரிகள் சில ஊர்க்காசில் எழுந்தவைதான். 1844இல் டான் டோக் செங் என்ற வியாபாரி கொடுத்த பணத்தில் ஏழைகளுக்காகத் தொடங்கியதே அவர் பெயரில் இன்றும் இருக்கும் மருத்துவமனை. அது சிராங்கூன் சாலையிலிருந்து மோல்மீன் சாலைக்கு இடம் மாறியபின், காலியான பழைய இடத்தில் 1910இல் கேன்டனீஸ் வணிகர்கள் குவோங் வாய் ஷியு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். தேக்கா பக்கம் போனால் சிராங்கூன் சாலையிலேயே இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள், இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெளியே இருந்து பார்ப்பவருக்குச் சந்தை என்றால் அந்த ஒரு நாள்: கூடாரம், பலூன், பாட்டு, பொப்பியா, சாத்தே, முறுக்கு, குழந்தைகள் வளையம் வீசும் விளையாட்டு. ஆனால் பணத்தில் பெரும்பகுதி அன்றைக்கு வருவதில்லை. அதற்கு முந்தைய ஆறு வாரத்தில் வந்துவிடுகிறது. இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, நிறுவனங்கள் கொடுக்கும் ஆதரவுத்தொகை, அது நம் கையில் இல்லை. இன்னொன்று கூப்பன் புத்தகம். எங்கள் சந்தையில் எந்தக் கடையிலும் ரொக்கம் வாங்கமாட்டார்கள், எல்லாம் கூப்பன்தான். 10 வெள்ளிப் புத்தகத்தில் 2 வெள்ளித் தாள் நான்கு, 1 வெள்ளித் தாள் இரண்டு இருக்கும். பின்னால் சின்ன எழுத்தில், பயன்படுத்தாத கூப்பனுக்குப் பணம் திரும்பக் கிடையாது என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சின்ன எழுத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. அலுவலகத்தில் உங்கள் முகத்துக்காகப் புத்தகம் வாங்குபவர்களில் நிறைய பேர் வரவே மாட்டார்கள். அவர்களுடைய 10 வெள்ளி அப்படியே மருத்துவமனைக்கு. ஒரு வடைகூட செலவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடையில் 400 வடை, ஒன்று 1 வெள்ளி, எல்லாம் விற்றே போகிறது என்று வைத்துக்கொள்வோம். உளுந்து, எண்ணெய், சட்டி, மின்சாரம் எல்லாவற்றையும் யாராவது இனாமாகக் கொடுத்தால் 400ம் லாபம். கொடுக்காவிட்டால் பொருளுக்கும் வாடகைச் சட்டிக்கும் மின்சாரத்துக்கும் போக 250 மிஞ்சினால் பெரிது. அதற்கு ஆறு பேர் முதல் நாள் ராத்திரி ஊறப்போட்டு, விடிகாலை ஐந்து மணிக்கு அரைத்து, மாலை நான்கு வரை நின்றிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் ஒரே ஆள், மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலட்டிக்கொள்ளாமல் 30 புத்தகம் விற்கிறார். 300 வெள்ளி. அச்சுக்கூலி போக அதில் பாதிக்கு மேல் சுத்தமாக நிற்கும், வந்து சாப்பிடுபவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து. நான் எண்ணிய வருடங்களில், விற்ற கூப்பனும் கடைப்பெட்டிகளில் விழுந்த கூப்பனும் ஒரு தடவைகூட சமமாக வந்ததில்லை. எப்போதும் பெட்டியில் குறைவாகத்தான் இருக்கும். அந்த வித்தியாசத்தைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் எண்ணுகிறவனுக்குத்தான் தெரியும்.

ஆகவே என் முதல் ஆலோசனை, படிவத்தில் "சந்தை நாளன்று மட்டும்" என்ற கட்டத்தில் குறியிடாதீர்கள். கூப்பன் விற்கிறேன் என்று சொல்லுங்கள். யாரையும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கம்பக்கத்தில் தெரியாமல் இருக்கலாம், அலுவலகத்தில் இருபது பேர் இருப்பார்களே? ஆளுக்கு ஒரு புத்தகம். "வர முடியாவிட்டாலும் பரவாயில்லை" என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதைக் கேட்டதும்தான் பாதிப் பேர் பர்ஸை எடுப்பார்கள். மேலதிகாரியிடம் கடைசியில் போங்கள். முதலில் போனால் மற்றவர்களுக்குக் கட்டாயம் மாதிரித் தோன்றும். ஒன்றில் மட்டும் கவனம்: தெரிந்தவர்களிடம் விற்பது வேறு, புளோக்கில் ஒவ்வொரு கதவாகத் தட்டுவது வேறு. வீடு வீடாகவோ தெருவில் நின்றோ வசூலிக்க இந்த ஊரில் உரிமம் வேண்டும். ஏற்பாட்டாளர் உரிமம் எடுத்து, உங்களுக்கு அடையாள அட்டை மாட்டிவிட்டு அனுப்பினால் போங்கள். ஆர்வக்கோளாறில் நீங்களாகக் கிளம்பாதீர்கள். அப்புறம், கூப்பன் வாங்குபவரிடம் வரிக்கழிவு கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கூப்பன் என்பது சாப்பாட்டுக்கும் பொருளுக்கும் கொடுத்த காசு. வரிக்கழிவு வேண்டும் என்பவரை நன்கொடை முகப்புக்கு அனுப்பிவிடுங்கள், அவர்கள் பதில் சொல்லட்டும்.

சந்தை நாள் வேலைகளுக்கு வருவோம். சமைக்கத் தெரியாதது ஒரு குறையே இல்லை. சொல்லப்போனால் வீட்டில் நன்றாகச் சமைப்பவர்களால்தான் தொல்லை அதிகம், ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பக்குவம், சட்டினியில் பச்சைமிளகாய் எத்தனை என்று காலை ஆறு மணிக்குச் சண்டை. எப்போதும் ஆள் பற்றாமல் இருக்கும் வேலைகள் வேறு: சக்கர நாற்காலி தள்ளுவது, வாகன நிறுத்தத்தில் நின்று வழிகாட்டுவது, குப்பைப் பை மாற்றுவது, மூன்று மணிக்கு மேல் கூடாரம் பிரிப்பது. காலையில் பள்ளி மாணவர்கள் கூட்டமாக வருவார்கள். பள்ளியில் சமூக சேவைக்கு மணிக்கணக்கு வைத்திருக்கிறார்கள், முன்பு சிஐபி (சமூக ஈடுபாட்டுத் திட்டம்) என்றிருந்தது 2012 முதல் விஐஏ (செயலில் நற்பண்புகள்). நல்ல பிள்ளைகள்தான், ஆனால் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மதியம் ஒன்றரைக்கு மறைந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வேலை செய்ய யாராவது இரண்டு பேர் இருந்தால் அவர்களைத் தெய்வமாகவே பார்ப்போம். மொழியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தமிழ் பேசும் பாட்டி தாத்தாக்கள் வார்டில் இருப்பார்கள், சுற்றிலும் மாண்டரினும் ஹொக்கியனும் கேட்டுக்கேட்டு அலுத்துப் போயிருப்பார்கள். "எந்த ஊரு தம்பி?" என்று யாராவது ஆரம்பித்தால் அரை மணி நேரம் போய்விடும். அதுவும் அன்றைய வேலைதான்.

இங்கே எனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்யக்கூடிய தவறு இது. கடையில் நின்ற இரண்டாவது வருடம். சக்கர நாற்காலியில் ஒரு பெரியவரைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் கடைக்கு முன்னால் நிழலில் நிறுத்தினார்கள். இடது கை மடியில் துணி மாதிரிக் கிடந்தது. என்னைப் பார்த்து, வாய் கொஞ்சம் கோணினாலும் தெளிவாகத்தான், "ஒரு வடை குடுப்பா, சூடா" என்றார். எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்தது. கூப்பன் எல்லாம் வேண்டாம் தாத்தா என்று தட்டில் வைத்து, அவரால் பிய்க்க முடியாதே என்று நானே பிய்த்து ஊதி நீட்டினேன். பின்னாலிருந்து ஒரு தாதியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. கோபமாகக்கூட இல்லை, ஏதோ தினமும் செய்கிற மாதிரி. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்கும் தசை சரியாக வேலை செய்யாதாம். சாப்பாடு உணவுக்குழாய்க்குப் போவதற்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், சிலருக்கு இருமல்கூட வராது, அது நுரையீரலில் தங்கி நிமோனியா ஆகும். அந்தப் பெரியவருக்குத் தண்ணீரையே ஏதோ மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வடை என்பது வெளியே மொறுமொறு, உள்ளே உதிரும், அவருக்கு ஆகவே ஆகாது. தாதி போனபின் அவர் என்னைப் பார்த்து ஒரு கண்ணடித்துவிட்டு, "தட்ட இங்கயே வையி, வாசனையாவது பிடிக்கிறேன்" என்றார். பத்து நிமிடம் அந்தத் தட்டு அவர் மடியிலேயே இருந்தது. அன்றிலிருந்து எங்கள் குழுவில் புதிதாக வரும் எல்லாருக்கும் முதலில் சொல்வது, நோயாளி உடை போட்டிருப்பவருக்குத் தண்ணீர் உட்பட எதையும் தாதியைக் கேட்காமல் கொடுக்காதே என்பதுதான். அதே மாதிரி அவர்களைப் படம் எடுக்காதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் எடுப்பீர்கள், ஆனால் படத்தில் விழும் ஒரு அம்மா மருத்துவமனையில் இருப்பது அவருடைய சொந்தக்காரர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஒருவேளை உணவுக் கடையில்தான் போட்டார்கள் என்றால், அனுமதி எடுப்பது, யார் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் ஏற்பாட்டாளரின் தலைவலி, உங்களுக்கு ஒரு தாள் கொடுப்பார்கள், அதில் இருப்பதைச் செய்யுங்கள். ஆனால் தாளில் இருக்கும் விதிகளில் இரண்டை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமி பெருகும், ஆகவே சூடாக இருக்க வேண்டியது 60க்கு மேல், குளிர்ந்திருக்க வேண்டியது 5க்குக் கீழ். சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிய வேண்டும். நம் சமையலுக்கு இது கொஞ்சம் இடிக்கும். காலை ஆறு மணிக்குக் கிண்டிய எலுமிச்சை சாதம் மதியம் ஒரு மணிக்கும் நன்றாகத்தானே இருக்கிறது என்போம், பார்க்கவும் மணக்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆறிய சோற்றில் வளரும் கிருமி மூக்குக்குத் தெரியாது. தேங்காய்ச் சட்டினியை இந்த ஊர் வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள். நாங்கள் மூன்றாவது வருடத்தோடு அதை நிறுத்திவிட்டு வேர்க்கடலைப் பொடிக்கு மாறினோம், யாரும் குறை சொல்லவில்லை, ஒரு சீன ஆன்ட்டி மட்டும் வருடா வருடம் அந்தப் பொடியைத் தனியாகப் பொட்டலம் கட்டித் தரச்சொல்லி வாங்கிப் போவார். ஒரு மருத்துவமனை வளாகத்தில் வயிற்றுப்போக்கைக் கிளப்பிவிடுவதைவிட அவமானம் வேறு இல்லை.

மின்சாரம் இன்னொன்று. எங்கள் சந்தையில் கேஸ் அடுப்புக்கு அனுமதி இல்லை, மின்சாரச் சட்டிதான். முதல் வருடம் இரண்டு எண்ணெய்ச் சட்டியையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் செருகினோம். 13 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறக்குறைய 3000 வாட். ஒரு பெரிய சட்டியே அவ்வளவு இழுக்கும். பதினொன்றரை மணிக்கு, வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது பட்டென்று எல்லாம் போனது. எங்கள் கடை மட்டும் போயிருந்தால் பரவாயில்லை, அதே இணைப்பில் இருந்த பக்கத்துக் கடையின் நீராவிப் பெட்டியும் போய்விட்டது. மின்பணியாளரைத் தேடிக் கொண்டுவர இருபத்தைந்து நிமிடம். எண்ணெய் சூடு குறைந்ததில் உள்ளே கிடந்த வடையெல்லாம் எண்ணெய் குடித்துப் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது, ஒரு முழு ஈடு குப்பைக்குப் போனது. பக்கத்துக் கடை அங்கிள் ஒரு வார்த்தை திட்டவில்லை, எங்களுக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கி வந்தார். அது இன்னும் உறுத்தியது.

ஹலால் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் புதிதாக வருபவர்கள் நல்ல மனதோடு தப்பு செய்கிறார்கள். சைவக் கடைதானே, மலாய்க்காரர்களும் தைரியமாக வாங்கட்டும் என்று ஒருவர் அட்டையில் ஹலால் என்று எழுதித் தொங்கவிட்டார். இங்கே ஹலால் சான்றிதழ் கொடுப்பது முயிஸ் எனும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம். நாமாக எழுதிக்கொள்ளக் கூடாது. சைவம் என்று எழுதி, என்னென்ன சேர்த்திருக்கிறது என்று கீழே பட்டியல் போடுங்கள், வாங்குபவர் முடிவு செய்துகொள்வார். கடலைக்கு ஒவ்வாமை உள்ளவருக்கும் அதே பட்டியல் உதவும்.

மாலை எண்ணும் அறையைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், என் பிரியமான இடம் என்பதால். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பூட்டிய பெட்டி, மேலே பிளவு. மூன்று மணிக்குப் பெட்டிகள் வரும். எண்ணெய் ஒட்டிய கூப்பன், குழந்தை சப்பிய கூப்பன், மழையில் நனைந்து ஒட்டிக்கொண்ட கூப்பன். ஒருவர் எண்ணுவார், இன்னொருவர் மறுபடி எண்ணுவார், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டபின்தான் அடுத்த பெட்டி. தாமதமாகிறதே என்று புதியவர்கள் அலுத்துக்கொள்வார்கள். பணத்தோடோ கூப்பனோடோ ஒருபோதும் தனியாக இருக்காதீர்கள், ஐந்து நிமிடம்கூட. இது உங்களைச் சந்தேகப்படுவதற்கு இல்லை, நாளைக்கு யாரும் உங்களைச் சந்தேகப்படாமல் இருப்பதற்கு. இந்த ஊரில் இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 2005இல் தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தில் தலைமை நிர்வாகியின் சம்பளமும், அவருடைய அலுவலகக் கழிவறைத் தங்க முலாம் குழாய் விவகாரமும் நீதிமன்றத்தில் அலசப்பட்டபோது, மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அறநிறுவனங்களுக்கான கட்டுப்பாடுகள் இறுகின. திரட்டும் ஒவ்வொரு 100 வெள்ளிக்கும் திரட்டுவதற்கான செலவு 30ஐத் தாண்டக் கூடாது என்ற விதியை ஏற்பாட்டாளர்கள் மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்பீர்கள். கூடாரம் சின்னதாக இருக்கிறதே, டி-சட்டை கொடுக்கவில்லையே என்று யாராவது முணுமுணுத்தால் காரணம் அதுதான். கைபேசியில் பணம் செலுத்துவதற்கான பேநவ் கியூஆர் அட்டை வைத்திருந்தால் அதையும் மணிக்கு ஒரு தரம் பாருங்கள், மேலே வேறு ஸ்டிக்கர் யாரும் ஒட்டவில்லையே என்று.

இவையெல்லாம் எனக்கு உறுதியாகத் தெரிந்தவை. தெரியாதது, சந்தேகமாக இருப்பது என்ன என்றும் சொல்ல வேண்டும். சந்தைக்கு வந்து போகிறவர்கள் பிற்பாடு நிரந்தர நன்கொடையாளர்கள் ஆகிறார்கள் என்று மேடையில் எப்போதும் சொல்வார்கள். இருக்கலாம். என் கண்ணால் பார்த்தது இரண்டு மூன்று பேரைத்தான். சந்தை தேவையே இல்லை, எல்லாவற்றையும் இணையத்தில் திரட்டிக்கொள்ளலாம் என்று எங்கள் குழுவிலேயே ஒரு கட்சி இருக்கிறது. கொவிட் காலத்தில் சந்தை நடக்காதபோது இணையத்தில்தான் திரட்டினோம், செலவும் குறைவு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, முழுதாக மறுக்க என்னால் முடியவில்லை. என் பக்கத்து வாதம் ஒன்றே ஒன்று: அந்த ஒரு நாள்தான் வார்டில் இருப்பவர்கள் கீழே இறங்கி வருகிறார்கள், பக்கத்து புளோக்கில் இருப்பவர்கள் உள்ளே வருகிறார்கள். மற்ற நாளில் அந்த வாசலை ஆம்புலன்ஸ் தவிர யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதற்கு வெள்ளியில் மதிப்புப் போட எனக்குத் தெரியாது.

உங்கள் விஷயத்தில் நான் என்ன செய்வேன் என்றால், 200 வெள்ளியில் 100ஐ நேரடியாக நன்கொடை முகப்பில் கொடுத்துவிடுவேன், அடையாள அட்டை எண்ணோடு. மீதி 100க்குப் பத்துப் புத்தகம் வாங்கி அலுவலகத்தில் விற்பேன், விற்ற காசில் இன்னும் பத்து. படிவத்தில் விருப்பம் என்ற இடத்தில் "மதியம் ஒரு மணி முதல் முடியும் வரை, எந்த வேலையானாலும்" என்று எழுதுவேன். அதைப் படிக்கும் ஒருங்கிணைப்பாளர் அன்றைக்கே உங்களைக் கூப்பிடுவார், எனக்கு நிச்சயம். காலையில் நன்றாகத் தூங்கலாம், அதுவும் கிடைக்கிறது. மூடிய காலணி போடுங்கள், செருப்பு வேண்டாம், எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கும். மாற்றுச் சட்டை ஒன்று, தொப்பி, தண்ணீர்ப் புட்டி. அதிகாலையில் மழையோடு வரும் சுமத்ரா காற்று அடித்திருந்தால் கூடாரத்தின் மேல் தண்ணீர் தேங்கியிருக்கும், அடியில் நிற்பதற்கு முன்னால் அண்ணாந்து பாருங்கள். முடிந்தபின் மிச்ச எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றச் சொல்லி யாராவது சொன்னால் ஊற்றாதீர்கள், ஆறவைத்துத் தகர டின்னில் அடைத்து ஏற்பாட்டாளரிடம் ஒப்படையுங்கள். எந்த மருத்துவமனை என்று நீங்கள் எழுதவில்லை. எங்களுடையதாக இருந்தால், எண்ணும் அறை இரண்டாம் தளத்தில், பயிற்சிக் கூடத்துக்கு எதிரே. ஐந்து மணிக்கு மேல் வந்தால் மிஞ்சின வேர்க்கடலைப் பொடி இருக்கும்.